வருஷா வருஷம் ஏ.சி.க்கு கேஸ் ஏத்துறீங்களா? மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்!

ஏப்ரல் மாதம் வந்தாலே அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் தவறாமல் வரும்: “நல்ல ஏ.சி. மெக்கானிக் நம்பர் இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்.” பதிலுக்கு நாலு நம்பர் வரும். அதில் இரண்டு ஸ்விட்ச் ஆஃப். ஒருவர் “அடுத்த வாரம்தான் மேடம்” என்பார். நாலாவது ஆள் வருவார், கேஜ் மாட்டிப் பார்ப்பார், “கேஸ் கம்மியா இருக்கு” என்பார். பணத்தைக் கொடுத்தால் அன்றைக்கு ராத்திரி ரூம் ஜில்லென்று இருக்கும். அடுத்த ஏப்ரலில் மறுபடியும் அதே மெசேஜ்.

கனகசெட்டிக்குளத்தில் வாடகைக்கு இருக்கும் என் அக்கா வீட்டில் மூன்று வருஷம் இதுதான் நடந்தது. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காகவே ஆசைப்பட்டுப் பிடித்த வீடு. மூன்று கோடைக்கு மூன்று தடவை கேஸ், ஒவ்வொரு தடவையும் 2,800 ரூபாய். நாலாவது வருஷம் வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய மெக்கானிக். கேஜை வெளியே எடுக்கும் முன்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏம்மா, போன வருஷம் ஏத்துன கேஸ் எங்க போச்சுன்னு யாருமே பாக்கலையா?”

“இல்லண்ணா. கேஸ்னா தீர்ந்துடும்ல?”

“தீர்றதுக்கு இது என்ன சிலிண்டரா?”

அந்தக் கேள்விக்கான முழு பதில்தான் இந்தக் கட்டுரை. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

ஏ.சி. கேஸ் தீர்ந்து போகுமா?

போகாது. சமையல் கேஸ் எரிந்து தீரும். பெட்ரோலும் அப்படித்தான். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்டோர் யூனிட்டில் ரூமின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும். கம்ப்ரஸர் அதை அழுத்தி அவுட்டோர் யூனிட்டுக்கு அனுப்பும். அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகி உள்ளே வரும். கம்பெனியில் முதல் நாள் நிரப்பிய கேஸே, அந்த ஏ.சி.யின் ஆயுள் முழுக்க ஓட வேண்டும்.

ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்றடிப்பது மாதிரி. வீடு வந்து சேரலாம். மறுநாள் வண்டி எடுக்க முடியாது.

இதில் போவது பணம் மட்டும் இல்லை. கேஸ் குறைவாக ஓடும் கம்ப்ரஸர் சீக்கிரம் சூடாகும். கூலிங் வராததால் நிற்காமல் ஓடும், கரன்ட் பில் ஏறும். வெளியே கசிந்த கேஸ் வானத்துக்குப் போகிறது. ஒரு கிலோ ‘ஆர்-410ஏ’ கேஸ் பூமியைச் சூடாக்குவதில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய ‘ஆர்-22’ என்றால் 1,810 கிலோ. இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஏ.சி.களில் இருக்கும் ‘ஆர்-32’ இவற்றைவிடப் பரவாயில்லை, ஆனாலும் 675 கிலோ.

கடற்கரை வீட்டில் மட்டும் ஏன் அடிக்கடி?

அக்கா வீட்டு அவுட்டோர் யூனிட் கிழக்குப் பக்க சன்ஷேடில், கடலைப் பார்த்தபடி இருந்தது. மெக்கானிக் அதன் பின்பக்கத் தகடுகளை விரலால் லேசாகத் தொட்டார். பொரித்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கையில் வெள்ளை மாவு.

காரணம் உப்பு. அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் காற்றில் கலக்கின்றன. கடற்காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு நம் ஜன்னல் கம்பி, கேட், பைக் செயின், ஏ.சி. யூனிட் எல்லாவற்றிலும் படிந்துவிடும். கடலிலிருந்து தள்ளிப் போகப் போக இது வேகமாகக் குறையும். முதல் சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான் அடி அதிகம்.

காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். புதுச்சேரி கடலோரத்தில் பல ராத்திரிகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அதாவது மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் அவுட்டோர் யூனிட் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டேதான் இருக்கிறது.

அவுட்டோர் யூனிட்டுக்குள் செம்புக் குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கியிருக்கும். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர். ஸ்கூல் லேபில் பேட்டரி செய்து பார்த்தோமே, அதே அமைப்புதான். இந்த பேட்டரியில் கரைந்து போவது அலுமினியம். தகடு உதிர உதிர, வெப்பம் வெளியேற வழி இல்லாமல் உள்ளே அழுத்தம் கூடும். கூடவே குழாய் வளைவுகளிலும் பற்றவைத்த இடங்களிலும் அரிப்பு தொடங்கி, ஒருநாள் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். கேஸ் போக அது போதும்.

‘100% காப்பர்’னு பாத்துதானே வாங்கினோம்?

நல்லதுதான். செம்புக் குழாயில் ஓட்டை விழுந்தால் பற்றவைத்துச் சரிசெய்வது சுலபம். ஆனால் விளம்பரத்தில் வரும் அந்த ‘காப்பர்’ குழாயைத்தான் குறிக்கிறது. சுற்றியிருக்கும் தகடு பொதுவாக அலுமினியமே. அதனால் கடலோர வீட்டுக்கு வாங்கும்போது குழாயோடு நிறுத்தாமல், தகட்டின் மேல் அரிப்பு தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ‘ப்ளூ ஃபின்’, ‘கோல்டு ஃபின்’ என்று கடைகளில் சொல்வது இந்தப் பூச்சைத்தான். பூச்சு இருந்தால் அரிப்பு தள்ளிப்போகும், நின்றுவிடாது.

வாரன்டி அட்டையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ‘கம்ப்ரஸருக்கு 10 வருஷம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால், காயிலுக்கு எத்தனை வருஷம், கேஸுக்கு எத்தனை வருஷம், அரிப்பால் வந்த பழுது சேருமா என்பதெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். கடலோரத்தில் முதலில் போவது காயில்தான்.

கூலிங் குறைஞ்சாலே கேஸ் பிரச்சினையா?

இல்லை. போனை எடுக்கும் முன்பு நீங்களே பார்க்கக்கூடியவை இவை:

* ஃபில்டர்: இன்டோர் மூடியைத் திறந்து வலையை எடுங்கள். தூசி அடைத்திருந்தால் காற்றே வராது. பைப்பிலோ காயிலிலோ ஐஸ் கட்டுவதற்கும் இது காரணமாகலாம். ஐஸ் கட்டினாலே கேஸ் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.
* ட்ரெயின் பைப்: புழுக்கமான ராத்திரியில் நன்றாக ஓடும் ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டவே இல்லை என்றால் கூலிங் நடக்கவில்லை, அல்லது பைப் அடைத்திருக்கிறது. பைப்புக்குப் பதில் இன்டோரிலிருந்து சுவரில் வழிந்தால் அடைப்புதான்.
* அவுட்டோர் ஃபேன்: சுற்றுகிறதா, வெளியே வரும் காற்று சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் ஓடவில்லை என்றால் கெபாசிட்டராகவோ மோட்டாராகவோ இருக்கலாம். அதற்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை.
* இடம்: அவுட்டோர் முன்னால் துணி காய்கிறதா, அட்டைப்பெட்டி இருக்கிறதா? சூடான காற்று திரும்பி உள்ளேயே போனால் எந்த ஏ.சி.யும் திணறும்.
* வெப்பநிலை: ரிமோட்டில் மிகக் குறைந்த அளவை வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு சாதாரண தெர்மாமீட்டரால் ஏ.சி. உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் அளந்து பாருங்கள். சுமார் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் ஏ.சி. தன் வேலையைச் செய்கிறது.

தண்ணீர் சொட்டுவதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1902-ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏ.சி. மனிதர்களுக்காக உருவானதே இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் புழுக்கத்தால் காகிதம் உப்பி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கத்தான் அந்த இயந்திரம். நம் ஊர் கடலோரத்தில் ஏ.சி.யின் பாதி வேலை இன்னமும் அதுதான்.

சரி, கேஸ்தான் குறைவு. சரியான வேலை எப்படி நடக்கும்?

இந்த வரிசையைத் தெரிந்துவைத்துக்கொண்டால், உங்கள் வீட்டில் நடப்பது சர்வீஸா, ஒப்பேற்றலா என்று பக்கத்தில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

1. ஓட்டையைத் தேடுவது. குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளிலும் வளைவுகளிலும் சோப்பு நுரை தடவுவார்கள். குமிழ் வந்தால் அங்கேதான் கசிவு. அக்கா வீட்டில் அவுட்டோர் காயிலின் கீழ் வளைவில் குமிழ் வந்தது. மூன்று வருஷமாக யாரும் பார்க்காத குமிழ்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது மாட்டினால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அவர் உயிரும் உங்கள் உயிரும் சம்பந்தப்பட்டது.

2. அடைப்பது. நட் இணைப்பு என்றால் குழாய் முனையைப் புதிதாக விரித்து இறுக்கினால் போதும். குழாயில் ஓட்டை என்றால் பற்றவைக்க வேண்டும். காயில் முழுக்க அரித்திருந்தால் ஓரிடத்தில் ஒட்டினாலும் இன்னோர் இடத்தில் விடும். காயிலை மாற்றுவதே வழி.

3. வேக்குவம். பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இதற்கு 20, 30 நிமிடமாவது ஆகும். அதன் பிறகு பம்பை நிறுத்திவிட்டு, அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரை உள்ளிருந்து அரிக்கும். பலர் தாண்டிப்போகும் கட்டம் இது. “கொஞ்சம் கேஸை விட்டுக் காத்த வெளிய தள்ளிட்டா போதும்” என்று சொன்னால், போதாது.

4. எடை போட்டு நிரப்புவது. அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரைப் பாருங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். குழாய் வழக்கத்தைவிட நீளம் என்றால் மேனுவலில் சொன்ன கணக்குப்படி கொஞ்சம் கூடும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடைக்கு ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜில் தெரியும் அழுத்தமும் மாறும். முள்ளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது சரிவராது.

ஸ்டிக்கரில் இருக்கும் கேஸைத்தான் ஏற்ற வேண்டும். ‘ஆர்-32’ லேசாகத் தீப்பற்றக்கூடியது. சில மாடல்களில் வரும் ‘ஆர்-290’ என்பது புரோப்பேன், சமையல் கேஸ் மாதிரியே பற்றும். இந்த யூனிட்களில் வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்துவைப்பதும், பக்கத்தில் சிகரெட், விளக்கு இல்லாமல் பார்த்துக்கொள்வதும் கட்டாயம்.

யாரைக் கூப்பிடுவது?

வாரன்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ்தான். ஆனால் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். ‘கஸ்டமர் கேர்’ என்ற பெயரில் போலி நம்பர்களைப் போட்டு, ஏதோ ஒரு ஆப்பை டவுன்லோடு பண்ணச் சொல்லி அக்கவுன்ட்டைக் காலி செய்யும் கும்பல்கள் இருக்கின்றன. வாரன்டி அட்டையில் அல்லது கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் இருக்கும் நம்பர் மட்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடிக்க வேண்டும்.

வாரன்டி முடிந்த ஏ.சி.க்கு உள்ளூர் மெக்கானிக் நல்ல தேர்வு. கூப்பிட்டால் வருவார், உங்கள் வீட்டு யூனிட்டின் வரலாறு அவருக்குத் தெரிந்திருக்கும். ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன், ஏர் கண்டிஷனிங் பிரிவு இரண்டு வருஷப் படிப்பு. படித்திருக்கிறாரா என்று கேட்பதில் தப்பில்லை. படிக்காமல் குருவிடம் தொழில் கற்ற அருமையான மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அதனால் சான்றிதழைவிட, போனிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் முக்கியம்:

* பார்க்க வருவதற்கு எவ்வளவு? வேலை கொடுத்தால் அதைக் கழிப்பீர்களா?
* கேஸ் குறைந்திருந்தால் லீக் டெஸ்ட் பண்ணுவீர்களா? நைட்ரஜன் இருக்கிறதா?
* வேக்குவம் பம்பும் தராசும் கொண்டு வருவீர்களா?
* ‘ஆர்-32’ யூனிட்டில் வேலை செய்திருக்கிறீர்களா?
* கேஸ் எத்தனை கிராம் ஏற்றினீர்கள் என்று பில்லில் எழுதித் தருவீர்களா?
* அதே லீக் மறுபடி வந்தால் எத்தனை நாளைக்கு நீங்கள் பொறுப்பு?

இதற்கெல்லாம் எரிச்சல் இல்லாமல் பதில் சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.சி. போடுவதாக இருந்தால் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். சாதாரண ஒப்பந்தத்தில் சர்வீஸ் மட்டும்தான், பார்ட்ஸுக்குத் தனியாகப் பணம். ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்றால் பார்ட்ஸும் சேரும். அதிலும் ‘காயில் சேருமா, கேஸ் சேருமா’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மெக்கானிக் பக்கத்தையும் கேட்போமா?

“லீக் டெஸ்ட் பண்ணலாம்னு நான் சொல்லுவேன். ‘அதெல்லாம் வேணாம், இன்னிக்கு ராத்திரி தூங்கணும், கேஸ மட்டும் ஏத்திட்டுப் போங்க’ன்னு சொல்ற வீடுதான் அதிகம்” என்றார் அக்கா வீட்டுக்கு வந்தவர். முழு வேலைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதற்கான கூலியைச் சொன்னால், பக்கத்துத் தெருவில் கம்மியாகச் சொல்பவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கோடையின் மூன்று மாதத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும்.

நாம் தூங்குவதற்காக அவர்கள் மே மாத வெயிலில், இரண்டாவது மாடி சன்ஷேடில், பிடிமானம் இல்லாமல் நிற்கிறார்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்டாண்டில் காலை வைத்தபடி. புதிதாக ஏ.சி. மாட்டும்போதே, கை எட்டும் இடத்தில், பால்கனியிலோ மொட்டை மாடியிலோ அவுட்டோரை வைக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் ஒழுங்காக நடக்கும், ஒரு மனிதர் பத்திரமாக வீட்டுக்குப் போவார். ஏற்கெனவே சன்ஷேடில்தான் இருக்கிறது என்றால், பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் இறங்க வேண்டாம் என்று நாமே சொல்லலாம்.

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ‘இந்தியா கூலிங் ஆக்‌ஷன் பிளான்’ ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. கேஸ் கசிவு குறைய வேண்டும் என்றால் அது இவர்கள் கையில்தான் இருக்கிறது என்பது அந்தத் திட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. பயிற்சி பெற்றவர் சரியான கூலி கேட்கும்போது, கொடுக்க நாமும் தயாராக இருக்க வேண்டும்.

வீடு புதுச்சேரி, கடை தமிழ்நாடு: புகார் எங்கே?

இது கனகசெட்டிக்குளத்துக்காரர்களுக்கே உரிய சிக்கல். புதுச்சேரி நகரத்திலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே கிளம்பினால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. பிறகு பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் என மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் திரும்பவும் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து எல்லைக்கோடு இது. ஏ.சி.யை ஒரு பக்கம் வாங்கி, இன்னொரு பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவது இங்கே சகஜம்.

பிரச்சினை என்றால் அலைய வேண்டுமா? வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 34-வது பிரிவின்படி, நீங்கள் வசிக்கும் இடத்தில் அல்லது வேலை பார்க்கும் இடத்தில் இருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை நடந்த இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பாருங்கள், தமிழிலும் பேசலாம். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். பில் இல்லை என்றால் ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ எதையும் அழிக்காதீர்கள்.

வாடகை வீடு, ஓனர் ஏ.சி. யார் செலவு?

குடிவரும்போது பேசாததால் வரும் சண்டை இது. நியாயமான பிரிப்பு என்றால், ஃபில்டர், வருஷாந்திர சர்வீஸ் மாதிரி பயன்படுத்துவதால் வரும் செலவு குடியிருப்பவருக்கு. காயில், கம்ப்ரஸர், போர்டு மாதிரி பொருளின் ஆயுள் சம்பந்தப்பட்டது ஓனருக்கு. அக்ரிமென்ட்டில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். குடிவரும் அன்றே அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். தகடு அன்றைக்கே உதிர்ந்திருந்தால், அது உங்களால் வந்ததில்லை என்பதற்கு அந்த போட்டோ போதும்.

கடலோர வீட்டுக்கான ஏ.சி. காலண்டர்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை: ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள்.

மாதம் ஒருமுறை: எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, அவுட்டோர் யூனிட்டின் தகடுகளில் சாதாரண ஹோஸால் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். கை பத்திரமாக எட்டினால் மட்டும், சன்ஷேடில் ஏற வேண்டாம். கடலைப் பார்த்த யூனிட் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை விடாதீர்கள், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகிவிடும். மெல்லிய தகட்டில் ஜெட் பிரஷரை வைத்து அடிப்பதும், ஆசிட் கலந்த கிளீனர் ஊற்றுவதும் வேண்டாம்.

மார்ச்: அக்னி நட்சத்திரத்துக்கு முன்பு முழு சர்வீஸ். ஏப்ரல், மே கூட்டத்தில் மெக்கானிக்கைப் பிடிப்பதைவிட இப்போது சுலபம், அவருக்கும் நிதானமாக வேலை பார்க்க நேரம் இருக்கும். எர்த் சரியாக இருக்கிறதா, ஒயர் இணைப்புகள் கருகியிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி.க்குத் தனி எம்.சி.பி., தனி ஒயர் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி. ஓட்டுவது தீ விபத்துக்கு வழி.

அக்டோபர்: மழைக்கு முன்பு அவுட்டோர் ஸ்டாண்டையும் போல்ட்டையும் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’, 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ எனப் புயல்கள் கரையைக் கடக்கும் ஊர் இது. காற்றில் பிய்ந்து விழும் அவுட்டோர் யூனிட் கீழே போகிறவர்களுக்கு ஆபத்து.

புயலுக்குப் பிறகு: யூனிட் தண்ணீரில் மூழ்கியிருந்தால் நீங்களே ஆன் செய்யாதீர்கள், மெக்கானிக் பார்க்கட்டும். மூழ்கவில்லை என்றாலும் உப்பைக் கழுவிவிட்டு ஓட்டுங்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் பிளாஸ்டிக் கவரால் மாதக்கணக்கில் மூடிவைப்பதும் தப்பு. உள்ளே ஈரம் தங்கி அரிப்பு வேகமாகும்.

இதோடு ஒரு சின்ன விஷயம். 2020 ஜனவரி 1 முதல் தயாரான ஸ்டார் ரேட்டிங் ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்கும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. ஃபேனையும் சேர்த்துப் போட்டு 26-ல் வைத்துப் பாருங்கள். கம்ப்ரஸருக்கும் அவுட்டோருக்கும் வேலை குறையும்.

ரிப்பேரா, புதுசா?

‘ஆர்-22’ கேஸில் ஓடும் பழைய ஏ.சி.யில் காயில் போயிருந்தால், யோசிக்க வேண்டிய நேரம். ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்த கேஸ் படிப்படியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. இனி கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே போகும். அதே நேரம் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது.

புதிது வாங்கும்போது ஸ்டார் லேபிளில் இருக்கும் வருஷ யூனிட் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓட்டினால் என்ற கணக்கு, அதாவது தினம் 8 மணி நேரம், 200 நாள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு 300 நாள் ஓட்டினால் 2,400 மணி நேரம். லேபிள் எண்ணோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து வருஷமே ஆன ‘ஆர்-32’ ஏ.சி., கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, லீக் மட்டும்தான் என்றால், ரிப்பேர் செய்வதே லாபம்.

அக்கா வீட்டில் அதைத்தான் செய்தார்கள். அந்த அப்பளத் தகட்டின் போட்டோவை ஓனருக்கு அனுப்பியதும், காயில் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார். முழு வேலைக்கும் ஆனது, மூன்று வருஷம் கேஸுக்குக் கொடுத்த 8,400 ரூபாயைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவுட்டோர் யூனிட் கிழக்குச் சுவரிலிருந்து வீட்டின் மறைவுப் பக்கத்துக்கு, பின் பால்கனிக்கு மாறிவிட்டது. பில்லில் எத்தனை கிராம் கேஸ் என்று எழுதியிருக்கிறது.

இந்த ஏப்ரலில் அக்கா இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடி அந்த மெசேஜ் வந்தது. அக்கா மெக்கானிக் நம்பரை அனுப்பி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: “கேஸ் கம்மின்னு யார் சொன்னாலும், எங்க லீக்குன்னு மொதல்ல கேளுங்க.”